வேர் இருந்ததா

வாந்தி எத்தனை மணிக்கு என்றுதான் முதலில் கேட்டேன்.
ஃபூல்மணிக்கு மணி தெரியும், தமிழ் எண் தெரியாது.
சுவர்க் கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினாள்:
சின்ன முள் எட்டில் சாப்பாடு,
பத்தில் இது.

இரண்டு மணி நேரம்.
எனக்குள் ஒரு முடிச்சு லேசாக இளகியது.
விடிந்தபின் தொடங்குகிற வாந்திக்குத்தான் ஈரல் பயப்படவேண்டும்.
உடனே குமட்டவைக்கிற காளான்
பெரும்பாலும் ஆளை விட்டுவிடும்.
பெரும்பாலும் என்ற சொல்லை
குளுக்கோஸ் பாட்டிலில் கலந்து ஏற்ற முடியாது.

தாண்டிக்குடியில் அன்று டாக்டர் இல்லை.
108 வண்டி பெரும்பாறை வளைவில்
விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது.
மூன்று கட்டில்: எத்வா, அவன் தம்பி,
ஆறு வயது ஜீத்து.
ராஞ்சிக்கு அந்தப்புறமிருந்து
காப்பித் தோட்டத்துக்கு வந்து நாற்பது நாள்.
மிச்சம் இல்லாமல் போனதால்
சமைத்தவள் மட்டும் தப்பித்தாள்.

மஞ்சள் போட்டேன், நிறம் மாறலை, என்றாள்.
புழு தின்ற ஓட்டை இருந்தது, என்றாள்.
கொலுசைக் கழற்றிக் குழம்பில் கொதிக்கவைத்தேன், கறுக்கலை,
என்று வலது காலைத் தூக்கிக் காட்டினாள்.
வெள்ளி பளபளவென்றிருந்தது.
பொய்ச்சாட்சி சொல்லும்போது எல்லாமே பளபளக்கும்.

முந்தானை முடிச்சில் ஒன்று மிஞ்சியிருந்தது.
குடை நல்ல வெள்ளை, மேலே பழுப்புச் செதில்,
தண்டில் வளையல்போல் ஒரு வளையம்,
அடியில் சின்ன உருண்டை.
எங்கள் ஊர் குக்டி இதேதான், என்றாள்,
இதே குடை, இதே மழை, இதே இடி.

வேர் இருந்ததா?
மண்ணில் விரலை விட்டுத் தோண்டுவதுபோல் காட்டினேன்.
இங்கே புற்றுக்காளானுக்குக் கரையானோடு உறவு;
முழங்கை நீளத்துக்குத் தண்டு
புற்றின் வயிறு வரை இறங்கும்.
அவள் கண்ணை மூடி அந்த இடத்துக்குப் போய்வந்தாள்.
சில்வர் ஓக் வரிசைக்கு வெளியே, புல்லில்.
இழுத்ததும் வந்துவிட்டது.
இழுத்ததும் வந்துவிட்டது, என்று மறுபடி சொன்னாள்,
இப்போது தனக்கு.

குடையை வெட்டி
புறநோயாளிச் சீட்டின் பின்பக்கம் கவிழ்த்து
எவர்சில்வர் டம்ளரால் மூடினேன்.
ராத்திரி முழுக்க நாடி, பாட்டில், வாளி.
வாட்ச்மேன் செவத்தியான் மூன்று தரம் டீ போட்டார்,
மூன்று தரமும் சர்க்கரை மறந்தார்.

ஐந்தே முக்காலுக்கு டம்ளரை எடுத்தேன்.
தாளில் வட்டமாகப் பொடி உதிர்ந்திருந்தது,
செதுள் செதுளாக,
கழுவாத தண்ணீர்த் தொட்டியின் பச்சை.
புற்றுக்காளான் இப்படி உதிராது,
அது வெளிறிய ரோஜா.
பச்சை என்றால் இன்னொருத்தி;
வயிற்றைப் புரட்டுவாள், உயிரைக் கேட்கமாட்டாள்.
ஆறரைக்கு ஜீத்து கஞ்சி கேட்டான்.
அந்தச் சீட்டை வண்டியோடு அனுப்பினேன்.
டாக்டர் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாரா, தெரியாது.

பதினெட்டு நாள் கழித்து, இடி இடித்த மறுகாலை,
ஃபூல்மணி என் குவார்ட்டர்ஸ் வாசலில்.
எத்வாவின் ஹெல்மெட் நிறையக் காளான்.
ஒவ்வொன்றும் நடுவில் கூம்பி,
ஒவ்வொன்றுக்கும் மண்ணோடு நீள வேர்,
அறுபடாமல், துணியில் சுற்றி.
பேசவில்லை. வேரைத்தான் முதலில் நீட்டினாள்.
நான் சீட்டைக் கவிழ்த்தேன்.
சாயங்காலம் ரோஜா நிறம்.

மிளகு, சின்ன வெங்காயம், கொஞ்சம் தேங்காய்.
இந்தத் தடவை அவள் முதலில் சாப்பிட்டாள்,
என்னைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக.
பிறகு நான்.

ஒன்றை மட்டும் சமைக்காமல் தாளில் சுற்றி,
தேதியும் நேரமும் எழுதி,
ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
சின்ன முள் எட்டில் நின்றது.